கம்பிச்சுருளில் பிறந்த கடலோசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் எழுந்த சர்ஃப் ராக் என்னும் கிடார் இசை பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த இசையைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே அரிது என்பதால் முதலில் அவருக்கு என் நன்றி. ஆனால் கட்டுரை மூன்று செய்திகளைக் கொஞ்சமும் தயக்கமின்றிச் சொல்கிறது. சர்ஃப் ராக் பீச் பாய்ஸ் என்ற பாடகர் குழுவோடு தொடங்கியது என்கிறது. கடற்கரை, வெயில், கார், காதல் ஆகியவற்றைப் பற்றிய பாட்டுதான் அது என்கிறது. 1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்க மண்ணில் கால் வைத்ததும் அது உயிரை விட்டது என்கிறது. முதலாவது தவறு, இரண்டாவது பாதி உண்மை, மூன்றாவது, எல்லோரும் சொல்லிச் சொல்லி உண்மைபோல் ஆகிவிட்ட ஒன்று.

வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்ப்பதையே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலாகக் கொண்டவன் நான். மற்றவர்கள் இந்த இசையை வானொலியிலோ திரைப்படத்திலோ கேட்டு அறிந்திருப்பார்கள். நான் அறிந்தது, என் மேசைமீது மூடி கழற்றிக் கிடந்த, கிடாரின் ஒலிக்கு முழக்கம் சேர்க்கும் ஒரு பழைய ரிவெர்ப் பெட்டியின் வழியாக. ஆகவே பாடகர்களைவிடக் கருவிகளின்மேல் எனக்குப் பற்று அதிகம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையுடன் அச்சான, கிடார் கலைஞர் டிக் டேலின் புகைப்படத்திலும் ஒரு பிழை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சர்ஃப் ராக் அதன் மூல வடிவத்தில் சொற்களே இல்லாத இசை. மின்கிடார் ஒன்று ராகத்தை எடுத்துச் செல்லும். இன்னொரு கிடார் தாளத்துக்குத் துணை நிற்கும். பேஸ் கிடாரும் டிரம்ஸும் அடியில் ஓடும். சில குழுக்களில் சாக்ஸபோன் அல்லது மின்பியானோ சேர்ந்துகொள்ளும். பாடகர் என்று ஒருவர் முன்னால் நிற்க மாட்டார். இப்படிக் கிடாரையே பாடவைக்கும் வழக்கம் சர்ஃப் இசைக்கு முன்பே அமெரிக்காவில் வேர்விட்டிருந்தது. 1958-இல் டுவேன் எடி கிடாரின் தாழ்ந்த கம்பிகளில் மெட்டுகளை வாசித்துப் புகழ்பெற்றார். அதே ஆண்டில் லிங்க் ரே வெளியிட்ட ‘ரம்பிள்’ என்ற கருவியிசை, அதில் ஒரு சொல்கூட இல்லாதபோதும், இளைஞர்களைச் சண்டைக்குத் தூண்டிவிடும் என்ற அச்சத்தில் சில வானொலி நிலையங்களால் ஒதுக்கிவைக்கப்பட்டது. 1960-இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரைச் சேர்ந்த தி வென்ச்சர்ஸ் குழு, ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கிடார் கலைஞரின் ‘வாக், டோன்ட் ரன்’ மெட்டை எளிமைப்படுத்தி வாசித்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றது. அந்த இசைத்தட்டைப் பார்த்துத்தான் பள்ளி மாணவர்கள் பலர் கிடார் வாங்கினார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் நடந்ததெல்லாம், இந்த ஓடை கடலைப் போய்ச் சேர்ந்த கதைதான்.

அங்கே அந்த நேரத்தில் கடலும் மாறிக்கொண்டிருந்தது. அலைச்சறுக்கு, அதாவது சர்ஃபிங், ஹவாய் மக்களின் கலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவுக்கு வந்த பின்னும் நெடுங்காலம் அது ஒரு சிலரின் பொழுதுபோக்காகவே இருந்தது, ஏனெனில் பலகைகள் கனமானவை, செய்வதற்கு நல்ல மரம் தேவை. 1958-வாக்கில் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரையால் பலகை செய்யும் முறையைச் சீர்படுத்திய பிறகு, பதினைந்து வயதுப் பையனும் பெண்ணும் தாமே தூக்கிச் செல்லும் எடையில் பலகைகள் கடைக்கு வந்தன. மறு ஆண்டே அலைச்சறுக்கைப் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்றும் வந்தது. சில ஆண்டுகளுக்குள் கடற்கரையில் ஒரு புதிய கூட்டம் உருவாகிவிட்டது. பகலெல்லாம் அலையில் கிடந்த அந்தக் கூட்டத்துக்கு இரவில் போவதற்கு ஓர் இடம் மட்டும் இல்லை.

அந்த இடம் நியூபோர்ட் பீச் நகரின் பல்போவா பகுதியில் இருந்த ரெண்டெவூ என்ற நடனக்கூடம். பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்களின் காலத்தில் புகழின் உச்சியில் இருந்து, பின்னர் ஆளரவமற்றுப்போன கட்டடம் அது. 1961 கோடையில் டிக் டேலும் அவருடைய டெல்டோன்ஸ் குழுவும் அங்கே வாசிக்கத் தொடங்கினார்கள். ராக் இசை என்றாலே கலவரம் என்று நினைத்த ஊர்ப் பெரியவர்களைச் சமாதானப்படுத்த, உள்ளே வரும் பையன்கள் கழுத்தில் டை கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏற்கப்பட்டது. டை இல்லாமல் வந்த பையன்களுக்கு வாசலிலேயே ஒன்றை எடுத்துக் கொடுத்தார்களாம். வெறுங்காலோடு, கழுத்தில் மட்டும் டையோடு ஆடிய கூட்டத்தை நினைத்துப் பார்க்கையில் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. டேலே பின்னாளில் சொன்னபடி முதல் நாள் வந்தவர்கள், அவரோடு அலையில் சறுக்கிய பதினேழு பேர். அந்தக் கோடைக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மரத்தளத்தில் காலை ஓங்கி மிதித்து அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு ‘ஸ்டாம்ப்’ என்று பெயர். அதே ஆண்டு செப்டம்பரில் டேலின் தந்தை நடத்திய சிறிய இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக ‘லெட்ஸ் கோ டிரிப்பின்’ வெளிவந்தது. முதல் சர்ஃப் ராக் இசைத்தட்டு அதுதான் என்பார் பலர். அதற்குச் சற்று முன் வந்த, தி பெலேர்ஸ் குழுவின் ‘மிஸ்டர் மோட்டோ’வைச் சொல்வாரும் உண்டு. எதை ஏற்றாலும், பீச் பாய்ஸ் தம் முதல் தட்டான ‘சர்ஃபின்’ பாட்டை வெளியிட்டது அதே ஆண்டின் கடைசியில்தான்.

இங்கே டேலின் பிறப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டுரை அவரைக் ‘கலிஃபோர்னியக் கடற்கரையின் மைந்தர்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. அவர் 1937-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர். தந்தைவழியினர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். தாயின் முன்னோர் கிழக்கு ஐரோப்பியர். ஊத் என்னும் அரபுக் கம்பிக்கருவியை வாசிக்கும் ஒரு சிற்றப்பா வீட்டில் இருந்தார். தர்புகா முழவைச் சிறுவனுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு வந்தது 1954-இல். ஊத் வாசிப்பில் ஒரே கம்பியை மேலும் கீழுமாக இடைவிடாமல் மீட்டி, ஓசையை அறுபடாமல் நீட்டும் முறை ஒன்று உண்டு. அதையே மின்கிடாருக்குக் கொண்டுவந்து, தர்புகாவின் அடிகளை வலிமையோடு அதில் ஏற்றினால் கிடைப்பது டிக் டேலின் வாசிப்பு. ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஜீன் க்ரூபாவை அவர் தம் ஆதர்சமாகக் கொண்டவர் என்பதும் இதோடு பொருந்துகிறது. அவர் கிடார் மீட்டியதைவிட, கிடாரில் முழவு வாசித்தார் என்று சொல்வதே பொருத்தம்.

1962-இல் அவர் வெளியிட்ட ‘மிசர்லூ’ இதற்குச் சான்று. கட்டுரை அதை டேலின் சொந்தப் படைப்பு என்கிறது. அது கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியில் கிரேக்கர், அரபியர், துருக்கியர், யூதர் எனப் பலரும் தமதென்று கொண்டாடிய பழைய மெட்டு. ‘எகிப்துப் பெண்’ என்பது பெயரின் பொருள். 1927-இலேயே கிரேக்கப் பாடகர் ஒருவர் அதை இசைத்தட்டில் பதிந்திருக்கிறார். ஒரே கம்பியில் ஒரு பாட்டு முழுவதையும் வாசிக்க முடியுமா என்று ஒரு சிறுவன் கேட்டானென்றும், இரவெல்லாம் யோசித்தபோது சிற்றப்பா ஊத்தில் வாசித்த இந்த மெட்டு நினைவுக்கு வந்ததென்றும், வேகத்தை மட்டும் பலமடங்கு கூட்டி மறுநாள் மேடையில் வாசித்ததாகவும் டேல் சொல்வதுண்டு. நம் வாசகர்களுக்கு இன்னொன்றையும் சொல்லலாம்: அரபு இசை மரபிலிருந்து வரும் அந்தச் சுரவரிசை, கருநாடக இசையில் முதல் பாடமாக நாம் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளையின் சுரவரிசையேதான். ஹாலிவுட் வழியாக அந்த மெட்டைக் கேட்கும் தமிழர் பலருக்கு அது எங்கோ கேட்டதுபோல் தோன்றுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி நான் நன்றாக அறிந்த பொருளுக்கு வருகிறேன். சர்ஃப் ராக்கைக் கேட்ட மாத்திரத்தில் நீருக்கடியிலிருந்து வருவதுபோல், நனைந்து சொட்டுவதுபோல் ஓர் ஓசை கேட்குமே, அது எங்கிருந்து வருகிறது? ‘ஸ்டூடியோ உத்தி’ என்கிறது கட்டுரை. அப்படி எந்த உத்தியும் இல்லை. ஏறக்குறைய முழங்கை நீளமுள்ள ஒரு தகரத் தட்டு. அதனுள் இரண்டு மூன்று மெல்லிய ஸ்பிரிங்குகள், தலைமயிரை இழுத்துக் கட்டியதுபோல் நெடுக நிற்கும். ஒவ்வொன்றின் முனையிலும் அரிசிமணியளவு காந்தம். அந்தக் காந்தத்தையொட்டி, மெல்லிய செப்புக்கம்பி சுற்றிய ஒரு காயில் (coil). கிடாரிலிருந்து வரும் மின் அலை இப்பக்கத்துக் காயிலுக்குள் நுழைந்ததும் காந்தம் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு ஸ்பிரிங் வழியே ஓடி மறுமுனைக் காந்தத்தை அசைக்கிறது. அங்குள்ள காயில் அதை மீண்டும் மின் அலையாக்கி வெளியே அனுப்புகிறது. முறுக்கின் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பி, மறுபடியும் ஓடி, மறுபடியும் திரும்பி, இரண்டு மூன்று நொடிகளில் தேய்ந்து அடங்குகிறது. மேல்சுரங்களும் கீழ்ச்சுரங்களும் கம்பிச்சுருளில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆகவே உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டு நறுக்கென்று ஒரு சுரத்தை மீட்டினால், அது மறுமுனையில் ‘ப்ளக்’ என்று குழாயில் நீர் சொட்டுவதுபோல் வந்து விழும். சர்ஃப் கிடார் வாசிப்பவர்கள் இதை ‘டிரிப்’, அதாவது சொட்டு, என்றே சொல்கிறார்கள். ரிவெர்ப் கூடினால் ஒலி நனைந்துவிட்டது என்பார்கள். இல்லாவிட்டால் உலர்ந்து கிடக்கிறது என்பார்கள்.

பழுதுக்கு வரும் பெட்டிகளில் ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஓர் எளிய சோதனை உண்டு. மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, பெட்டியின் பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவோம். ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் ஸ்பீக்கரில் இடி இடிக்கும், பேரலை ஒன்று பாறையில் மோதி உடைந்து பின்வாங்குவதுபோல் நெடுநேரம் உருளும். முதன்முதல் அந்த ஓசையைக் கேட்ட நாளில் நான் மேசையைவிட்டுத் துள்ளி எழுந்துவிட்டேன். கடலே பார்க்காத ஒருவருக்கும் அந்த ஒரு தட்டு போதும், இந்த இசைக்கு ஏன் அந்தப் பெயர் என்று புரிந்துவிடும்.

இந்தச் சுருள்களின் பூர்வீகமோ இசைக்குச் சற்றும் தொடர்பில்லாதது. நெடுந்தொலைவுத் தொலைபேசி இணைப்புகளில் ஏற்படும் தாமதத்தை ஆய்வுக்கூடத்தில் போலச்செய்து பார்ப்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தினார்கள். தேவாலயத்தின் முழக்கத்தை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவர விரும்பிய லாரன்ஸ் ஹேமண்ட் அதைத் தம் மின்னார்கனுக்குள் வைத்தார். 1961-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் அதைத் தனிப் பெட்டியாக்கி, ட்வெல், மிக்ஸர், டோன் என்ற மூன்று குமிழ்களோடு கிடார் வாசிப்பவர்களுக்கு விற்றது. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நிற்கும் இந்தப் பெட்டியில் ஸ்பிரிங்கை உந்தித்தள்ளுவதற்கென்றே ஒரு பவர் வால்வு உண்டு. அதனால்தான் பின்னர் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே பொருத்தப்பட்ட ரிவெர்ப்களைவிட இதில் சொட்டு அழுத்தமாக விழுகிறது. டேல் ரிவெர்பை விரும்பியது முதலில் தம் குரலுக்குத்தான், கிடாருக்கு அல்ல என்பது ஒரு வேடிக்கை. ‘லெட்ஸ் கோ டிரிப்பின்’ இசைத்தட்டில் ரிவெர்ப் கிடையாது; கேட்டுப் பாருங்கள், அது உலர்ந்தே ஒலிக்கும்.

பெலேர்ஸ் குழு உடைந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனெனில் அது ஒரு ஸ்பிரிங் பெட்டியால் வந்த பிரிவு. குழுவின் இரு கிடார் கலைஞர்களில் எடி பெர்ட்ராண்டுக்கு ரிவெர்ப் பிடித்துப்போயிற்று. பால் ஜான்சனுக்கோ அது அறவே பிடிக்கவில்லை, இரண்டு கிடார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தெளிவை அது விழுங்கிவிடுகிறது என்று அவர் கருதினார். 1963-இல் குழு கலைந்தது. பெர்ட்ராண்ட் ‘எடி அண்ட் தி ஷோமென்’ என்று புதிய குழு தொடங்கினார். பெயரில் உள்ள ‘ஷோமேன்’ ஓர் ஆம்ப்ளிஃபயரின் பெயர் என்பதிலிருந்தே அந்த இளைஞர்களுக்குக் கருவிகள்மேல் இருந்த மோகம் விளங்கும்.

அந்த ஆம்ப்ளிஃபயர் பிறந்ததும் டேலால்தான். தடித்த கம்பிகளை முழு வலிமையோடு மீட்டிய அவருடைய கைக்கு அன்றிருந்த ஆம்ப்ளிஃபயர்கள் தாங்கவில்லை; ஸ்பீக்கர்கள் கிழிந்தன, டிரான்ஸ்ஃபார்மர்கள் கருகின. லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொழிலதிபராக உயர்ந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. தெரியாததாலேயே வாசிப்பவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. டேல் உடைத்துக்கொண்டே இருந்தார். ஃபெண்டர் பெரிதாகச் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார். நூறு வாட் அளவை எட்டிய டிரான்ஸ்ஃபார்மர், பதினைந்து அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர் என்று அது வளர்ந்து முடிந்தபோது, பெரிய அரங்கை ஒற்றைக் கிடாரால் நிரப்பும் ஆற்றல் முதன்முதலாக ஓர் இசைக்கலைஞருக்குக் கிட்டியது. பிற்கால ராக் இசையின் பேரொலிக்கு அடித்தளம் இங்கே விழுந்தது என்பேன்.

டேலுக்கு அடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். சான்டா ஆனா நகரத்துப் பள்ளியில் சேர்ந்து படித்த தி ஷான்டேஸ் குழுவினர் தங்கள் மெட்டுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஹவாயின் பான்சாய் பைப்லைன் அலையைக் காட்டும் சறுக்குப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து ‘பைப்லைன்’ என்று மாற்றினார்கள். கிடார் கம்பிமீது விரல் மேலிருந்து கீழே வழுக்கிச் சரியும் அந்தத் தொடக்கத்தைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. 1963-இல் அது நாலாம் இடத்தைப் பிடித்தது. கிளெண்டோரா நகரத்துத் தி சர்ஃபாரிஸ் குழுவின் கதை இன்னும் சுவையானது. 1962 இறுதியில் குக்கமோங்கா என்ற சிற்றூரில் பால் பஃப் நடத்திய பால் ஸ்டூடியோவுக்கு ‘சர்ஃபர் ஜோ’ என்ற பாட்டைப் பதிவுசெய்யப் போனார்கள். தட்டின் மறுபக்கத்தை நிரப்ப ஒன்று வேண்டுமே என்று அங்கேயே உட்கார்ந்து ‘வைப் அவுட்’டை உருவாக்கினார்கள். மைக் அருகே ஒரு பலகையை ஒடித்தார்கள், சறுக்குப்பலகை உடைவதுபோல. குழுவின் மேலாளர் ஒரு பைத்தியச் சிரிப்புச் சிரித்துப் பெயரைச் சொன்னார். பிறகு ரான் வில்சனின் டிரம்ஸ். அந்த டிரம்ஸைக் கட்டுரையாளர் ‘ஆப்பிரிக்கத் தாளம்’ என்று எழுதியிருக்கிறார். அது பள்ளி அணிவகுப்பு வாத்தியக் குழுவில் வில்சன் வாசித்துப் பழகிய நடைத்தாளத்தை வேகப்படுத்தியது, அவ்வளவே. நொடிக்கு ஏறக்குறைய பத்து அடிகள் விழும் அந்த ஓட்டத்தை இரண்டு விரல்களால் மேசையில் தட்டிப் பார்க்காத பள்ளி மாணவன் அந்தத் தலைமுறையில் அமெரிக்காவில் இருந்திருக்க மாட்டான். மறுபக்கத்துக்காகச் செய்த அது, 1963-இல் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று.

பீச் பாய்ஸை நான் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஹாதார்ன் நகரத்து வில்சன் சகோதரர்கள் மூவரும், அவர்களுடைய உறவினர் மைக் லவ்வும், நண்பர் ஒருவரும் சேர்ந்த அக்குழுவின் குரலிசைவு தனிப்பெரும் சாதனை. பிரையன் வில்சனின் பிற்கால இசையமைப்பு சர்ஃப் என்ற சொல்லுக்குள் அடங்காதது. ஆனால் அவர்கள் செய்தது வேறொரு கலப்பு. நான்கு குரல் ஜாஸ் குழுக்களின் இசைவையும், சக் பெரியின் கிடார் ராக் இசையையும், அலைச்சறுக்கு இளைஞர்களின் பேச்சையும் அவர்கள் இணைத்தார்கள். 1963-இல் வந்த ‘சர்ஃபின் யூ.எஸ்.ஏ.’ பாட்டின் மெட்டு சக் பெரியின் ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ மெட்டுதான். பின்னர் அதற்குரிய பெருமை அவருக்கே வழங்கப்பட்டது. அதே பெயரில் வந்த தொகுப்பைக் கையில் எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தால் கட்டுரையாளரின் முதல் கூற்றுக்கு அங்கேயே மறுப்பு கிடைக்கும்: அதில் ஐந்து கருவியிசைகள் இருக்கின்றன, அவற்றில் ‘மிசர்லூ’வும் ‘லெட்ஸ் கோ டிரிப்பின்’னும் உண்டு. தொடங்கிவைத்தவர்கள் அவர்களென்றால் டிக் டேல் வாசித்துப் பரப்பிய இரண்டு மெட்டுகளை எதற்காக எடுத்து வாசித்தார்கள்? இன்னொன்று, ஐவரில் உண்மையாகவே அலைமீது ஏறியவர் டென்னிஸ் வில்சன் ஒருவர்தான். பாட்டுக்கு அலைச்சறுக்கைப் பொருளாக்கலாம் என்று சொன்னவரும் அவரே. ஜான் அண்ட் டீன் இரட்டையரின் ‘சர்ஃப் சிட்டி’ 1963 ஜூலையில் முதலிடத்தைப் பிடித்தபோது, அதை எழுதியதிலும் பிரையனுக்குப் பங்கிருந்தது. ஆக, ஒன்று கருவியிசை, மற்றொன்று குரலிசை. இரண்டும் ஒரே கரையில் ஓடிய இரண்டு ஆறுகள். பின்னது பெரிதாகப் பெருகியதால் முன்னதன் ஊற்றையும் அதன் கணக்கில் எழுதிவிடுவது நியாயமில்லை.

கடலில்லாத ஊர்களும் இந்த இசையில் கை நனைத்தன. தி ஆஸ்ட்ரநாட்ஸ் குழு கொலராடோ மலைநாட்டுப் போல்டர் நகரைச் சேர்ந்தது. ‘சர்ஃபின் பேர்ட்’ பாட்டால் 1963 இறுதியில் பெயர்பெற்ற தி டிராஷ்மென், பனிக்கு நடுவே இருக்கும் மினியாபோலிஸ் நகரத்தவர். கடல் அவர்களுக்கு அந்தத் தகரத் தட்டுக்குள்ளேயே கிடைத்தது.

அடுத்து, பீட்டில்ஸ். 1964 பிப்ரவரியில் அவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும் பாடாத குழுக்களின் சந்தை சரிந்தது உண்மை. நேற்றுவரை ‘பைப்லைன்’ வாசித்த பையன்கள் முடியை வளர்த்துக்கொண்டு பாடக் கற்றார்கள். தி பிரமிட்ஸ் என்ற குழுவினர் மட்டும் எதிர்வினையாகத் தலையை மழித்துக்கொண்டு மேடையேறினார்கள், அவர்களின் ‘பெனட்ரேஷன்’ அதே வசந்தத்தில் முதல் இருபதுக்குள் வந்தது. ஆனால் அந்த ஆண்டே வென்ச்சர்ஸ் தங்கள் பழைய ‘வாக், டோன்ட் ரன்’ மெட்டை ரிவெர்பில் நனைத்து மறுபதிவு செய்து முதல் பத்துக்குள் கொண்டுபோனார்கள். ‘வைப் அவுட்’ 1966-இல் மீண்டும் பட்டியலில் ஏறிப் பதினாறாம் இடத்தை எட்டியது. இறந்துபோன இசை இப்படி எழுந்து நடக்காது. என் கணிப்பில், சர்ஃப் இசை தளர்ந்ததற்கு உள்காரணமும் உண்டு. 1963-இல் இசைத்தட்டு நிறுவனங்கள் எதன்மீதும் ‘சர்ஃப்’ என்ற சொல்லை ஒட்டி விற்றன. அது சலித்ததும் அதே மெட்டுகளுக்குப் பந்தயக் கார்களின் பெயரைச் சூட்டின. வாசித்தவர்களோ பள்ளி முடித்துக் கல்லூரிக்கும் வேலைக்கும் ராணுவத்துக்கும் பிரிந்தார்கள். டேலுக்கு அறுபதுகளின் நடுவில் புற்றுநோய் வந்து அவர் மேடையைவிட்டு விலகினார். ரெண்டெவூ நடனக்கூடம் 1966-இல் தீக்கிரையானது.

கட்டுரை நின்ற இடத்திலிருந்து கதை கடல் கடந்து போகிறது. சிட்னி நகரின் தி அட்லான்டிக்ஸ் 1963-இலேயே ‘பொம்போரா’வை வெளியிட்டிருந்தார்கள், அக்குழுவிலும் ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளே இருந்தார்கள், கிரேக்கச் சாயல் கிடாரில் கேட்கும். 1965 தொடக்கத்தில் வென்ச்சர்ஸ் ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்தபோது அங்கே ‘எலெக்கி’ என்று அவர்கள் அழைத்த மின்கிடார் மோகம் காட்டுத்தீயாயிற்று. மாணவர்கள் கெட்டுவிடுவார்கள் என்று பள்ளிகள் தடைவிதிக்கும் அளவுக்குப் போயிற்று. தெராவுச்சி தக்கேஷி என்ற கிடார் கலைஞர் ஷாமிசென் வாத்தியத்துக்குரிய நாட்டுப்புற மெட்டுகளை அதே துடிப்போடு மின்கிடாரில் வாசித்தார். ஊத் கிடாருக்குள் புகுந்ததுபோல் ஷாமிசெனும் புகுந்தது. இந்த இசை எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் பழைய கம்பிக்கருவி ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது என்பது நான் கவனித்த ஒன்று. பெருவின் அமேசான் பகுதியில் ஹுவானெக்கோ, லாஸ் மிர்லோஸ் முதலிய குழுக்களின் கும்பியா என்னும் நடன இசையிலும் அதே நனைந்த கிடார் கேட்கிறது.

அமெரிக்காவிலேயே எழுபதுகளின் இறுதியில் பங்க் ராக் இளைஞர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். ஃபெண்டர் தொழிற்சாலை இருந்த ஃபுல்லர்டனை அடுத்த பிளசென்ஷியா நகரத்து ஏஜென்ட் ஆரஞ்ச் குழு ‘மிசர்லூ’, ‘பைப்லைன்’, ‘மிஸ்டர் மோட்டோ’ மூன்றையும் வாசித்தது. டெட் கென்னடிஸ் குழுவின் கிடாரில் கேட்கும் அச்சுறுத்தும் எதிரொலியும் இந்த மரபைச் சேர்ந்ததே. 1994-இல் குவென்டின் டரான்டினோ தம் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் தொடக்கத்தில் ‘மிசர்லூ’வை வைத்ததும் உலகமே அதைப் புதிதாகக் கேட்டது. பின்லாந்தின் லைக்கா அண்ட் தி காஸ்மநாட்ஸ், மெக்சிகோ மல்யுத்த முகமூடியோடு மேடையேறும் லாஸ் ஸ்ட்ரெயிட்ஜாக்கெட்ஸ், விண்வெளி வேடமிட்ட மேன் ஆர் ஆஸ்ட்ரோ-மேன் எனப் பல குழுக்கள் அந்த ஆண்டுகளில் சுற்றிக்கொண்டிருந்தன. டேலும் மீண்டும் மேடைக்கு வந்தார். எழுபது வயதைக் கடந்தும், சிறுநீரகக் கோளாறும் புற்றுநோயும் நீரிழிவும் சூழ்ந்த நிலையிலும் அவர் ஊர் ஊராக வாசித்தார். மருந்துக்கும் மருத்துவப் பொருள்களுக்கும் மாதம் சுமார் 3,000 டாலர் தேவைப்படுகிறது, அதற்காகவே வாசிக்கிறேன் என்று 2015-இல் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். 2019 மார்ச்சில் 81 வயதில் காலமானார்.

கடைசியாக அந்தப் புகைப்படம். டிக் டேல் இடக்கைக்காரர். வலக்கைக் கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டாமலே வாசிக்கப் பழகியவர்; ஆகவே மற்றவர்களுக்கு மேலே இருக்கும் தடித்த கம்பி அவருக்குக் கீழே இருந்தது. பின்னாளில் இடக்கைக்கென்று செய்த கிடார் கையில் வந்தபோதும் கம்பிகளை அதே வரிசையில்தான் கட்டிக்கொண்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் கிடாரைத் திருப்பித்தான் பிடித்தார், ஆனால் கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். தாங்கள் வெளியிட்ட படத்தில் டேல் வலக்கையால் மீட்டுகிறார். படம் தவறாக இருப்பதாக எண்ணி வடிவமைப்பாளர் யாரோ அதைத் திருத்தியிருக்கிறார் போலும். கிடாரின் தலைப்பகுதியில் இருக்கும் ஃபெண்டர் என்ற எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் கிடக்கின்றன. திருத்தம் வெளியிடும் வழக்கம் தங்கள் நாளிதழுக்கு உண்டு என்பதை அறிவேன். ‘மிசர்லூ’ யாருடைய மெட்டு என்பதையும், 1961 கோடையில் பல்போவாவில் முதலில் வாசித்தவர் யார் என்பதையும் அதில் சேர்த்துக்கொண்டு, அந்தப் படத்தை மறுபடியும் திருப்பி, அவர் பிடித்தபடியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்